ஏத்தாப்பூரில் கொடுத்த 50 கரணைகள்

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், ஏத்தாப்பூரில் உள்ள, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விட்டு வந்த அப்பா, நனைத்த சாக்கில் சுற்றிய ஒரு சிறு கட்டைத் திண்ணையில் இறக்கி வைத்தார். சேலத்தில் வேலை பார்க்கும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்குப் போகிறவன் என்பதால், அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு சாண் நீளத்துக்கும் கொஞ்சம் குறைவாக, இரு முனையும் பிசிறில்லாமல் வெட்டிய மரவள்ளிக் கரணைகள், அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டுகள். எண்ணினேன், 50 இருந்தன. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளி விட்டு நட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,800 கரணைகள் தேவைப்படும் நிலத்தில், 50ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். "பெருக்கணும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, கிணற்று மேட்டை ஒட்டி இருக்கும் நல்ல மண்ணில் தனியாகப் பார் பிடித்து அவற்றை நட்டுவிட்டார்.

அந்தப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன் பேசப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும், கோயம்புத்தூர் லாலி சாலையில் இருக்கும் பழைய செங்கல் கட்டடமும்தான் நினைவுக்கு வரும். அது ஒரு கல்லூரி என்பதில் தவறில்லை. 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 1971 ஜூன் மாதத்தில் தனிப் பல்கலைக்கழகமாக ஆன வரலாறு அதற்கு உண்டு. ஆனால் எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் என்பது கோயம்புத்தூரில் இல்லை. அது ஏத்தாப்பூரில் இருக்கிறது. தஞ்சைப் பக்கத்து விவசாயிக்கு ஆடுதுறையில் இருக்கிறது. கரிசல் காட்டுக்காரருக்குக் கோவில்பட்டியில் இருக்கிறது. மாநிலம் முழுவதும் சிதறிக் கிடக்கும் இந்தச் சின்னஞ்சிறு நிலையங்கள்தான் அந்த நிறுவனத்தின் உயிர்நிலை என்பது என் திடமான நம்பிக்கை.

விதை மூட்டைகளின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்துகளைக் கவனித்துப் படித்தால் இந்த நிலையங்களின் வரைபடமே கிடைத்துவிடும். ஏடிடி என்றால் ஆடுதுறை, கோ என்றால் கோயம்புத்தூர், ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம், டிகேஎம் என்றால் திருவள்ளூர் பக்கத்துத் திரூர்க்குப்பம், டிபிஎஸ் என்றால் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருப்பதிசாரம், பிஎம்கே என்றால் பரமக்குடி. நிலக்கடலையில் டிஎம்வி என்று கண்டால் அது திண்டிவனம், விஆர்ஐ என்றால் விருத்தாசலம். உளுந்தில் விபிஎன் என்றால் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன். மஞ்சளில் பிஎஸ்ஆர் என்றால் பவானிசாகர். எங்கள் வீட்டு மாட்டுக்குப் போடும் கோ-4 தீவனப்புல்லின் பெயரிலும் ஊர் ஒளிந்திருக்கிறது. ஒரு ரகம் எந்த மண்ணில் வளர்ந்து பழகியதோ அந்த ஊரின் பெயரையே அதற்கு முதலெழுத்தாக வைக்கும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மழை, மண், வெப்பம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு தமிழ்நாட்டை ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் சேலம் வடமேற்கு மண்டலத்தில் வருகிறது. டெல்டாவின் வண்டல் மண்ணில் செழிக்கும் நெல்லுக்கு இராமநாதபுரத்துக் களரில் என்ன வேலை? அதனால்தான் அந்தந்த மண்ணில் போய் உட்கார்ந்து ஆராய வேண்டியிருக்கிறது.

சிறிய நிலையம் என்றால் சிறிய பயன் என்று நினைப்பவர்களுக்கு டிகேஎம் 6 என்ற நெல்லின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1912இல் கோயம்புத்தூரில் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியில் இருந்த பார்னெல் காலத்தில், கோணமணி என்ற நாட்டு ரகத்திலிருந்து தற்செயலாக மாறி நின்ற ஒரு செடியைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். சன்னமான அரிசி கொண்ட அந்த ரகம், அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகளையே பெயராகக் கொண்டு ஜிஇபி 24 என 1921இல் வெளியிடப்பட்டது. கிச்சிலிச் சம்பா என்று சொன்னால் இன்றைக்கும் பலருக்குத் தெரியும். அந்த நெல்லையும் கோ 18 நெல்லையும் ஒட்டுச் சேர்த்துத் திரூர்க்குப்பத்தில் உருவான டிகேஎம் 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கி நிற்கும் குணம் உடையதாக இருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அந்தக் குணத்துக்காகவே அதைத் தேடி எடுத்துத் தன் ஒட்டுக்கட்டும் பணியில் சேர்த்துக்கொண்டது. எங்கள் தாத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு நட்ட ஐஆர் 20க்கு டிகேஎம் 6 ஒரு பெற்றோர். பின்னாளில் ஆசியா முழுவதும் கோடிக்கணக்கான ஏக்கரில் பயிரான ஐஆர் 36 என்ற ரகத்தின் வம்சாவளியிலும் அது இருக்கிறது. திருவள்ளூர் பக்கத்தில் ஒரு சிறிய பண்ணையில் யாரோ சிலர் வரப்பில் நின்று கதிர் கதிராகப் பார்த்துப் பொறுக்கிய வேலை, வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் எத்தனை வீட்டு உலையில் சோறாகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

முருங்கையின் கதையும் இதே போன்றதுதான். போத்து வெட்டி நட்டு, மரமாக வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து காய் பறித்த காலத்தில், விதை போட்டால் ஆறு மாதத்தில் காய்க்கும் செடிமுருங்கையைப் பெரியகுளம் தோட்டக்கலை நிலையம் 1989இல் பிகேஎம் 1 என்ற பெயரில் வெளியிட்டது. அதன் மூல ரகம், தூத்துக்குடிப் பக்கத்து எப்போதும்வென்றான் என்ற ஊரின் நாட்டு முருங்கை. இப்போது ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் முருங்கை நடுகிறவர்கள் பிகேஎம் 1 என்று பெயர் சொல்லி விதை வாங்குகிறார்கள். நிலையத்துக்காரர்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எதையும் படைத்துவிடவில்லை. ஊரிலிருந்து எடுத்தார்கள், சுத்தம் செய்தார்கள், ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இதைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்களுடைய வேலையின் பெருமையே அதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இவையெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. நேரில் கண்டது ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டு ஆண்டுகளுக்குள் எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடுகளை முழுவதுமாகப் பிடித்துவிட்டது. 2010 கோடையில் எங்கள் வயலில் நின்று பார்த்த காட்சி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. செடியின் கொண்டை இலைகள் சுருண்டு கொத்தாகக் குறுகிக் கிடக்க, அவற்றின் மேல் யாரோ அரிசி மாவைத் தூவி நீர் தெளித்துப் பிசைந்ததைப் போல வெள்ளைப் படலம். அதிலிருந்து வழிந்த பிசுபிசுப்பில் எறும்புகள் வரிசை கட்டின. கீழ் இலைகளில் கரும்பூசணம் படர்ந்து தொட்டால் கையில் கரி ஒட்டியது. கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அப்பா அடித்தார். ஒரே பருவத்தில் ஆறு முறை. பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. ஆனால் அந்தப் பூச்சியைத் தின்னக்கூடிய பொறிவண்டுகள் மட்டும் மருந்தில் செத்து விழுந்தன. அந்த ஆண்டு பன்னிரண்டு டன் எடுக்க வேண்டிய ஏக்கரில் நான்கு டன்தான் வந்தது. அதிலும் மாவுச்சத்தின் அளவைச் சொல்லும் பாயிண்ட் குறைந்துபோனதால் ஜவ்வரிசி ஆலையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். மருந்துக் கடைப் பாக்கியை அடைக்க அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

அடுத்த தையில் நட்ட பயிரிலும் சித்திரைக்குள் வெள்ளை தட்டியது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊராட்சியில் ஒரு கூட்டம் போட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஒரு பூச்சியியல் விஞ்ஞானி, கையில் பிளாஸ்டிக் டப்பிகளை வைத்துக்கொண்டு பேசினார். இந்தப் பூச்சி நம் ஊருக்கு உரியதல்ல, மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது இப்படிப் பெருகாமல் இருப்பதற்குக் காரணம் அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றுவிடும் மிகச் சிறிய குளவி இனங்கள். பூச்சி வந்துவிட்டது, அதன் எதிரி வரவில்லை, அதுதான் சிக்கல் என்று ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி விளக்கினார். பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு மையம், புவேர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அமெரிக்க வேளாண் துறையின் வளர்ப்பகத்திலிருந்து 2010இல் மூன்று வகை ஒட்டுண்ணிகளைத் தருவித்து, அவை வேறு எதையும் தாக்கவில்லை என்பதைச் சோதித்து, பிறகு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தது. அந்த மூன்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்றுதான் நம் நாட்டில் நன்றாக நிலைபெற்றது.

டப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த இலைத்துண்டு ஒன்றின் மேல் பழுப்பு நிறத்தில் உப்பிப்போன மாவுப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மம்மி என்று சொல்வார்களாம். அவற்றில் சிலவற்றின் முதுகில் ஊசி முனையால் குத்தியதைப் போன்ற துளை. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத மஞ்சள் நிறப் பொடி ஒன்று டப்பியின் சுவரில் ஊர்ந்தது. மூச்சுக் காற்றுப் பட்டால் பறந்துவிடும் போலிருந்தது. இதுவா எங்கள் காட்டைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தேன். விஞ்ஞானி வைத்த ஒரே நிபந்தனை, இதை விட்டபிறகு யாரும் மருந்து அடிக்கக் கூடாது என்பது. அப்பாவுக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. "ஏங்க சார், கண்ணு முன்னால பயிரு சாவும்போது மருந்து அடிக்காம எப்படிங்க கையக் கட்டிக்கிட்டு இருக்கறது?" என்று கேட்டார். "ஐயா, போன வருசம் அடிச்சீங்களே, நின்னுச்சா? மூணு மாசம் எங்கள நம்புங்க" என்றார் அவர். அப்பா டப்பியை வாங்கிக்கொண்டார். பக்கத்துக் காட்டுக்காரரான எங்கள் மாமாவை இரண்டு நாள் கெஞ்சி, அவருடைய விசைத்தெளிப்பானையும் ஓரங்கட்டி வைக்கச் செய்தார். ஆடி பிறந்தபோது கொண்டை இலைகள் விரிந்திருந்தன. வெள்ளை இருந்த இடத்தில் வெறும் மம்மிக் கூடுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பூச்சி எங்கள் வயலில் தலையெடுத்து நாசம் செய்ததில்லை.

வலைப்பின்னல் என்ற சொல்லின் பொருளை நான் விளங்கிக்கொண்டது அப்போதுதான். அந்தக் குளவியைக் கோயம்புத்தூர் ஆய்வகம் ஒன்றில் மட்டும் வளர்த்திருந்தால் மாநிலம் முழுவதற்கும் போதுமான அளவு கொடுத்திருக்க முடியாது. கொடுத்தாலும் பேருந்திலும் லாரியிலும் வருவதற்குள் பாதி செத்திருக்கும். கல்லூரிகள், ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண்மை அறிவியல் நிலையங்கள் என்று இருக்கும் இடங்களிலெல்லாம் முளைவிட்ட உருளைக்கிழங்கின் மேல் முதலில் மாவுப்பூச்சியை வளர்த்து, அந்தப் பூச்சியின் மேல் ஒட்டுண்ணியைப் பெருக்கி, அந்தந்த வட்டாரத்து ஊர்களுக்கு அங்கிருந்தே எடுத்துப் போனார்கள். பப்பாளிக்கும் மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்தது. எந்தக் கம்பெனியும் அதைச் செய்திருக்காது, ஏனென்றால் ஒரு முறை விட்டால் தானே பெருகிக்கொண்டு போகும் ஓர் உயிரை ஆண்டுதோறும் விற்க முடியாது. பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகம் எதற்காக வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் காட்டக்கூடிய சாட்சி அந்தப் பழுப்பு நிறக் கூடுகள்தான்.

ஆராய்ச்சி ஒரு பாதி என்றால், அதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மறு பாதி. 1980களில் பயிற்சி மற்றும் பார்வையிடல் திட்டம் நடந்தபோது அப்பா எங்கள் ஊரின் தொடர்பு விவசாயியாக இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, முன்பே குறித்த கிழமையில், விரிவாக்கப் பணியாளர் சைக்கிளில் வந்து வேப்ப மரத்தடியில் அமர்வார். அந்தப் பருவத்துக்கு உரிய ஒன்றிரண்டு செய்திகளை மட்டும் சொல்வார். அப்பா அதைப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே, அறுபதுகளில், தஞ்சாவூர்ப் பகுதியில் ஏடிடி 27 என்ற நெல் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகளால் பரவி, ரேடியோ நெல் என்றே பெயர் பெற்றது. அந்தக் காலத்தில் ஒரு செய்தி பல்கலைக்கழகத்திலிருந்து வயலுக்கு வரும் வழி நீளமாக இருந்தாலும், அந்த வழியில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனிதர் நின்றிருந்தார்.

வேளாண்மை அறிவியல் நிலையம் என்ற அமைப்பே நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் இந்தியாவில் முதன்முதலாக உருவானது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நாட்டின் முதல் நிலையம் கோயம்புத்தூரின் நிர்வாகத்தில் இருந்தது. இப்போது நாடு முழுவதும் மாவட்டத்துக்கு ஒன்றாக எழுநூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. எங்கள் மாவட்டத்துக்கு உரியது சந்தியூரில் இருக்கிறது. ஒரு தலைவர், ஆறு பாட வல்லுநர்கள் உட்பட 16 பணியிடங்கள் என்பது அதன் அளவு. ஆராய்ச்சி நிலையத்தில் தேறியதை விவசாயியின் வயலிலேயே போட்டுப் பார்ப்பது, செயல்விளக்கத் திடல் அமைத்துக் காட்டுவது, பயிற்சி கொடுப்பது ஆகியவை அதன் வேலைகள். அம்மா அங்கே காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்து, இரண்டு ஆண்டுகள் சமையலறைக்குப் பின்னால் வைக்கோல் உருளைகளைத் தொங்கவிட்டுச் சிப்பிக் காளான் விற்றார். அடகில் கிடந்த வளையல்களை அந்தக் காசில்தான் மீட்டார்.

இறுதியாண்டு படிக்கும் வேளாண் மாணவிகள் எட்டுப் பேர் ஒரு முறை எங்கள் ஊரில் தங்கிப் பணி அனுபவம் பெற்றார்கள். மாரியம்மன் கோவில் முற்றத்தில் வண்ணக் கோலமாவால் எங்கள் ஊரின் வரைபடத்தை வரைந்து, எந்தக் கிணறு வற்றியது, எந்தப் பக்கம் ஓடை திசை மாறியது என்று பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். கைத்தடியால் ஒரு கோட்டை அழித்து, "இங்க ஏரி மதகு இருந்துச்சு கண்ணு" என்று எங்கள் அப்பத்தா சொன்னபோது, ஒரு பெண் உடனே உட்கார்ந்து நீலப் பொடியால் அதைச் சேர்த்தாள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று அன்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது, எங்கள் அப்பத்தாவுக்கும் தன் நினைவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தது.

இவ்வளவு இருந்தும் குறை இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் நடுவில் இருக்கிறது. ஒரு முனையில் விஞ்ஞானி இருக்கிறார், மறு முனையில் விவசாயி இருக்கிறார், இருவருக்கும் இடையில் நிற்க வேண்டிய ஆள் குறைந்துகொண்டே வருகிறார். பல கிராமங்களைச் சுமக்கும் ஓர் உதவி வேளாண்மை அலுவலரின் நாளில் பெரும்பகுதி மானியப் பட்டியல், சொட்டுநீர் விண்ணப்பம், பயிர்க் காப்பீட்டுக்கான கணக்கெடுப்பு என்றே கழிந்துவிடுகிறது. பயிரைப் பார்க்க அவருக்கு மனம் இருந்தாலும் நேரம் இல்லை. அந்த வெற்றிடத்தில் மருந்துக் கடைக்காரர் நின்றுகொண்டிருக்கிறார். காய்ந்த இலை ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினால் ஒரு நிமிடத்தில் மூன்று பாட்டில்களை எடுத்து வைக்கும் ஒருவரோடு, மண்ணை எடுத்து வா, சோதித்துச் சொல்கிறேன் என்கிற ஒருவர் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஓய்வு பெறும் விஞ்ஞானிகளின் இடங்கள் உரிய காலத்தில் நிரப்பப்பட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நெல் ரகத்தை ஒட்டுக்கட்டி, தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து, பல இடங்களில் போட்டுப் பார்த்து, விவசாயிகளின் வயல்களில் தகவமைப்புத் திடல் வைத்து வெளியிடுவதற்குப் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகிறது. நடுவில் ஈராண்டு அந்த நாற்காலி காலியாக இருந்தால் அந்தத் தொடர் அறுந்துவிடும். பிறகு வருகிறவர் குறிப்பேட்டைப் பார்த்துத் தொடங்கலாம், ஆனால் முன்னவர் வரப்பில் நின்று கண்ணால் கண்டதெல்லாம் குறிப்பேட்டில் ஏறியிருக்காது.

வெளியிட்டபிறகும் விதை உடனே கைக்கு வந்துவிடுவதில்லை. மஞ்சள் அட்டை கட்டிய வல்லுநர் விதை, அதிலிருந்து வெள்ளை அட்டை ஆதார விதை, அதிலிருந்து நீல அட்டை சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்கித்தான் ஊருக்கு வருகிறது. நெல் என்றால் ஒரு மணி பல நூறு மணியாகும், ஆகவே ஓரிரு பருவத்தில் ஊர் நிறைந்துவிடும். மரவள்ளிக்கு அந்த வசதி இல்லை. ஒரு செடி பத்து மாதம் நின்றபிறகு அதன் தண்டிலிருந்து நல்ல கரணைகளாகப் பத்துதான் தேறும். 50 கரணைகள் ஓராண்டில் 500, ஈராண்டில் 5,000, அப்போதுதான் ஓர் ஏக்கர். எங்கள் பக்கத்தில் முள்ளுவாடி, குங்குமரோஸ் என்ற பழைய மரவள்ளி ரகங்கள் இன்றைக்கும் விடாமல் நிற்பதற்கு விவசாயியின் பிடிவாதத்தைக் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பொறுமை எல்லோருக்கும் வருவதில்லை. எங்களுக்கும் ஒரு முறை வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி, புது ரகம், ஏக்கருக்கு இருபது டன் போகும் என்று சொல்லி லாரியில் கொண்டுவந்து இறக்கிய குச்சிகளை வாங்கி முக்கால் ஏக்கரில் நட்டோம். மூன்றாம் மாதத்தில் இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறி, ஒரு பக்கம் இழுத்துச் சுருண்டன. தேமல் நோய். குச்சியிலேயே வந்த நோயை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. அங்கிருந்து வெள்ளை ஈக்கள் எங்கள் பழைய பயிருக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த இழப்புக்குப் பிறகுதான் அப்பா, கரணை என்றால் ஏத்தாப்பூர், அது எத்தனை குறைவாகக் கிடைத்தாலும் சரி என்று முடிவு செய்தார்.

இந்தத் தை மாதம் அந்தக் கிணற்று மேட்டுப் பாத்தியை வெட்டினோம். நட்ட 50இல் 46 முளைத்திருந்தன. அவற்றில் இரண்டு செடிகளின் இலையில் லேசாக மஞ்சள் தெரிந்ததாகச் சொல்லி, புரட்டாசியிலேயே அப்பா அவற்றை வேரோடு பிடுங்கிவிட்டார். எனக்கு அந்த மஞ்சள் கண்ணில் படவேயில்லை. மீதி 44 செடிகளின் தண்டுகளை நிழலில் நிற்கவைத்து, அடியிலும் நுனியிலும் கழித்து, நடுப்பகுதியை மட்டும் கரணையாக நறுக்கி, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணியபோது 418 வந்தன. அப்பா அந்த எண்ணைக் கணக்கு நோட்டில் எழுதி, அதற்குக் கீழே பிடுங்கிய இரண்டு செடிகளையும் நாளோடு குறித்து வைத்திருந்த பக்கத்தை மடித்துக்கொண்டார். ஏத்தாப்பூரில் இருக்கிறவர்கள் கேட்பார்கள், நாளைக் காலையில் அந்த நோட்டோடு அங்கே போய்விட்டுவந்துதான் நடவு என்றார்.